எழுபது டிகிரியில் ஒரு பாடைப் பாட்டு

பெட்டியைத் திறந்ததும் தொங்மினுக்கு முதலில் தும்மல் வந்தது. அப்புறம்தான் உள்ளே கிடந்தது கண்ணில் பட்டது. நாடா சுற்றியிருந்த பிளாஸ்டிக் சக்கரம் பொரித்த அப்பளம்போல வளைந்து கிடந்தது. நாடா தொட்டால் உதிர்ந்தது.

1974இல் சோல்கோல் கிராமத்தில் பதிவான பாடைப் பாட்டு அது. பிணம் தூக்கிப் போகிறவர்களுக்கு முன்னால் கைமணி அடித்துக்கொண்டு ஒருவர் பாடுவார். அட்டையில் பாடியவர் பெயர் மா போங்சு. அவர் இறந்து இருபது வருடமாகிறது, வேறு பிரதியும் கிடையாது. பழைய நாடா பிசுபிசுத்துப் போனால் ஐம்பது டிகிரி சூட்டில் எட்டு மணி நேரம் வைத்து எடுத்துத்தான் ஓட்டிக் கேட்க முடியும். தொங்மின் வேலை பார்க்கும் மாவட்ட நூலகத்தின் ஒலிக்காப்பகத்தில் அதற்கான கருவி இல்லை. மாமியார் வீட்டில் மிளகாய் உலர்த்தும் மின்பெட்டி இருந்தது; நாடாவை அதில்தான் வைத்திருந்தார்.

"அத்தை, இதுல கை வெச்சீங்களா?"

"ஐம்பதுல வெச்சா மிளகாய் என்னைக்குக் காயும் மாப்பிள்ளை? எழுபதாக்கிட்டேன். இடம் சும்மா கிடக்கேன்னு நாலு தட்டு மிளகாயும் போட்டேன்."

"நான் வெச்சது மிளகாய் இல்லையே அத்தை, டேப்பு!"

"அதுவும் நல்லா காஞ்சிருக்கும்," என்றார் மாமியார்.

சொல்லிவிடலாம் என்றுதான் தொங்மின் நூலகத்துக்குப் போனார். அவர் வாயைத் திறப்பதற்குள் இயக்குநர் ஹோ அம்மையார் முந்திக்கொண்டார்.

"வெள்ளிக்கிழமை கேட்பறைத் திறப்பு விழா. முதல்ல போங்சு ஐயா பாட்டுதான். சோல்கோல் ஜனங்க பஸ் பிடிச்சு வர்றாங்க. சின்ன வயசுல ரேடியோவில கேட்டது, இன்னும் என் காதுல நிக்குது. டேப் நல்லா இருக்கில்ல?"

"நல்லா... காஞ்சிருக்கு மேடம்."

இருபத்திரண்டு வருடத்தில் ஓர் அட்டையில்கூடப் பொய் எழுதாத மனிதர். அன்று மாலையே சோல்கோலுக்குப் போய், போங்சுவின் தம்பி மா கில்சுவின் வீட்டு வாசலில் நின்று, அந்தப் பாட்டைப் பாடித் தர முடியுமா என்று கேட்டார். கில்சுவுக்கு வயது எண்பத்து மூன்று.

"பாடலாம். ஆனா செத்தது யாரு?" என்றார் கில்சு.

"யாரும் சாகலீங்க ஐயா."

"அப்ப எதுக்குப் பாடணும்? பாடை இல்லாம இந்தப் பாட்டை எடுக்கக் கூடாது. எங்க அண்ணன் சாகுற வரைக்கும் ஒரு தடவைகூட மீறினதில்ல."

"மீறினா என்ன ஆகும்?"

"மாடு சாகும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும்."

மறுநாள் பதிவறைக்குப் புத்தகம் தள்ளும் வண்டி வந்தது. தொங்மின் அதன்மேல் வெள்ளைத் துணி விரித்து, வளைந்துபோன சக்கரத்தையும் அதன் பழைய அட்டையையும் நடுவில் வைத்தார். பின்பாட்டுக்கு நாலு ஊழியர்கள். என்ன ஏது என்று கேட்கக் கூடாது என்பது நிபந்தனை.

"செத்தது இதுதாங்க ஐயா."

கில்சு அட்டையில் இருந்த அண்ணன் பெயரை வாசித்தார். பிறகு மணியை எடுத்தார்.

வண்டி பதிவறை அலமாரிகளுக்கு நடுவே மெல்ல நகர்ந்தது. முதலில் சிரிப்பை அடக்கிக்கொண்டு தள்ளியவர்கள் இரண்டாவது சுற்றில் மூக்கை உறிஞ்சினார்கள். தொங்மின் கருவிக்குப் பின்னால் குனிந்து அழுதார். அழுத கையோடு, பழசாகத் தெரிய கொஞ்சம் இரைச்சலும் சேர்த்தார். அட்டையில் பழைய பெயரையே எழுதினார்.

வெள்ளிக்கிழமை அரங்கம் நிறைந்திருந்தது. பாட்டு முடிந்தபோது ஹோ அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அதே குரல்! கொஞ்சம் நடுக்கம் மட்டும் கூடியிருக்கு."

"டேப்புக்கு வயசாச்சு மேடம்..." என்று ஆரம்பித்த தொங்மினுக்கு அதற்குமேல் முடியவில்லை. எழுந்து, எல்லோருக்கும் முன்னால் இடுப்பு வளையக் குனிந்தார்.

"மன்னிச்சிடுங்க. டேப்பை நான் கெடுத்துட்டேன். இது போங்சு ஐயா குரல் இல்ல, அவர் தம்பி பாடினது. அட்டையில நான் எழுதினது பொய்."

ஹோ அம்மையாரின் முகம் வெளுத்துவிட்டது. பின்வரிசையில் கில்சு கைத்தடியை ஊன்றி எழுந்தார்.

"அந்தப் பிள்ளையை ஒண்ணும் சொல்லாதீங்கம்மா. எழுபத்து நாலுலயும், பாடை இல்லாமப் பாட மாட்டேன்னு அண்ணன் மலைப்பக்கம் போயிட்டான். பதிவு பண்ண அவ்வளவு தூரம் வந்தவங்க பாவமேன்னு நான்தான் பாடினேன், அந்த வருஷமே மாடும் செத்துச்சு. இந்தத் தடவையாவது என் பேரைப் போடுங்க."