கிளியைத் தேடிப் போன ‘நானில்லை’ சார்

எது நடந்தாலும், யாரும் கேட்பதற்கு முன்பே மறுப்பு வெளியிடும் மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் உண்டு. அவர் கலிபோர்னியாவின் ஃப்ரீமான்டில் எனக்கு எதிர்வீட்டில் குடியிருந்தார். சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும்தான் தெரியும். எங்களுக்கு அவர் ‘நானில்லை’ சார்.

ஃபயர் அலாரம் அலறினால் எல்லோரும் படியிறங்கி ஓடுவோம். அவர் மட்டும் கதவைத் தட்டி, “நான் தாளிக்கவே இல்ல சார், வெறும் தயிர்சாதம்” என்பார். ஒருமுறை லேசாக நிலம் நடுங்கியபோதும், “நான் ட்ரெட்மில் பக்கமே போகலை” என்றார்.

கீழ்வீட்டு ஹாங்காங் ஆன்ட்டி, மகளைப் பார்க்கப் போகும்போது தன் கிளியை இவரிடம் விட்டுப் போனார். திரும்பி வந்து பார்க்கிங்கில் பெட்டியை இறக்கியவர், “ஹவ் ஆர் யூ?” என்றுதான் கேட்டார்.

“ஐ டிட் நாட் ஓபன் தி விண்டோ!” என்றார் சார்.

ஆன்ட்டி அவரை ஏற இறங்கப் பார்த்து, “ஸன் யாவ் ஸீ” என்றார். அர்த்தம் கேட்டேன். உடம்பில் மலம் ஒட்டியிருக்கிறதாம். மனசாட்சி உறுத்துகிறவனைக் கான்டனீஸில் அப்படித்தான் சொல்வார்களாம். நான் தமிழில் சொன்னதும் சார் பதறிப்போய்ச் சட்டையை மோந்து பார்த்தார். “காலைலதானே சார் குளிச்சேன்!”

ஆன்ட்டி சிரிக்கவில்லை. பெட்டிமேலேயே உட்கார்ந்துவிட்டார். அந்தக் கிளி, இறந்துபோன அவர் கணவரின் குரலில் “சாப்பிட்டாச்சா?” என்று கேட்குமாம். அதைக் கேட்ட பிறகுதான் தினமும் ஆன்ட்டி சாப்பிடுவாராம்.

சாரின் முகம் மாறிவிட்டது. “இட் வாஸ் மீ, ஆன்ட்டி. க்ளீனிங் தி கேஜ், ஐ ஃபர்காட் தி விண்டோ. ஐ வில் ப்ரிங் ஹிம்.”

மறுநாளே லீவு போட்டுவிட்டு, காலிக் கூண்டோடு கிளம்பினார்.

“கிடைக்கலைன்னா எப்போ வருவீங்க?” என்றார் அவர் மனைவி.

“கிடைச்சதும் வருவேன்.”

மரம் மரமாக அண்ணாந்து, ஆன்ட்டி சொல்லிக்கொடுத்தபடி “ஸிக் ஜோ ஃபான் மேய்?” என்று திருநெல்வேலிக் குரலில் சாப்பாடு விசாரித்தார். கிளி பதில் சொல்லவில்லை. பூங்காவில் சீனத் தாத்தாக்கள்தான், ஆச்சு, நீங்க சாப்பிட்டீங்களா என்றார்கள். ஒரு வீட்டில் பரிதாபப்பட்டு நூடுல்ஸே கொடுத்துவிட்டார்கள். மழை வந்தது. குடையைக் கூண்டுக்குப் பிடித்துத் தான் நனைந்தார்.

வார இறுதியில், லைப்ரரிக்குப் பின்னால் ஓர் ஓக் மரம் பதில் சொன்னது. சார் போன் செய்ய, ஆன்ட்டியை ஏற்றிக்கொண்டு பறந்தேன். நாங்கள் போகும்வரை அவர் கழுத்தைக்கூடத் திருப்பாமல் மரத்தோடு பேசிக்கொண்டே நின்றாராம். ஆன்ட்டி கை நீட்டியதும் கிளி இறங்கி வந்து, அந்தக் குரலில் கேட்டது. சார் கர்ச்சீப்பை எடுத்தார். ஆன்ட்டிக்கென்று நினைத்தேன், தன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

போன மாதம் அவர் டெக்சாஸுக்கு வீடு மாறினார். சாமான் ஏற்றிய லாரி தெரு திரும்பி மறைந்த பிறகும், எங்கள் பில்டிங்கில் ஒருவரும் உள்ளே போகவில்லை.