மெரினாவை நிறுத்திய விசில்

பயப்படுவதற்குப் பட்டம் கொடுக்கிற பல்கலைக்கழகம் ஒன்று இருந்திருந்தால், அரூரில் எங்கள் தெருக்கோடியில் குடியிருந்த விசில் பாய்தான் அதற்குத் துணைவேந்தராக இருந்திருப்பார். நானும் பயந்த சுபாவம்தான். பல்லி தலையில் விழுந்தால் பஞ்சாங்கத்தைத் தேடுகிற ஆள். ஆனால் நான் செய்தது சில்லறை வியாபாரம். பாய் செய்தது மொத்த வியாபாரம்.

அவருடைய சொந்தப் பெயர் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. கல்யாணப் பத்திரிகை உறையின்மேல்கூட 'விசில் பாய்' என்றுதான் எழுதுவோம், அவரும் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார். தர்மபுரியிலிருந்து சேலம் போகிற தனியார் பஸ் ஒன்றில் நெடுநாள் கண்டக்டராக இருந்துவிட்டு, முழங்கால் ஒத்துழைக்காததால் வேலையை விட்டவர். வேலைதான் போனது, விசில் போகவில்லை. கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருப்பார். தொழுகைக்குப் போகும்போது மட்டும் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்வார்.

இந்தப் பயத்துக்கு ஒரு பூர்வகதை உண்டு. ஒருமுறை தொப்பூர் கணவாயில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற பஸ்ஸை நிறுத்தியிருக்கிறார்கள். இறங்கியவர்கள் எல்லாம் ஏறிவிட்டார்கள் என்று நினைத்துப் பாய் இரண்டு விசில் கொடுத்துவிட்டார். புதுமாப்பிள்ளை ஒருவன் புதர் மறைவில் இருந்தது அவருக்குத் தெரியாது. பக்கத்து சீட் காலியாக இருக்கிறதே என்று மணப்பெண்ணாவது வாயைத் திறந்திருக்கலாம். புருஷன் பெயரைச் சொல்லிக் கூப்பிடக் கூடாதே என்று அந்தப் பெண் சேலம் வரைக்கும் சத்தம் போடாமல் அழுதுகொண்டே வந்திருக்கிறாள். மாப்பிள்ளை பிறகு ஏதோ லாரியைப் பிடித்து வந்து சேர்ந்துவிட்டான். ஆனால் அன்றிலிருந்து பாய்க்கு உலகத்தில் ஒரே ஒரு பயம்தான். கூட்டிக்கொண்டு போன கூட்டத்தில் ஒரு தலை குறைந்துவிடக் கூடாது.

அதனால் திருவிழா, கல்யாணம், சந்தை என்று நாலு பேர் சேர்ந்து எங்கே கிளம்பினாலும் பாயின் சட்டம் அமலுக்கு வந்துவிடும். ஒரு விசில் என்றால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். இரண்டு விசில் என்றால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். மூன்று விசில் என்றால் தலை எண்ணிக்கை.

எண்பதுகளின் நடுவில் ஒரு கோடை விடுமுறையில் எங்கள் தெரு மெட்ராஸைச் சுற்றிப் பார்ப்பது என்று முடிவு செய்தது. கடற்கரை, பாம்புப் பண்ணை, கலங்கரை விளக்கம், பூங்காக்கள் எல்லாம் திட்டத்தில் இருந்தன. வாடகைக்கு வேன் பேசியாயிற்று. தலைவர் பாய்தான். கிளம்புவதற்கு முன்னால் பல நாள் சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்தில் எங்களுக்குப் பயிற்சி நடந்தது. எதிர்வீட்டு டீச்சரம்மாவுக்கு அது பொறுக்கவில்லை.

"ஏங்க பாய், நாங்க என்ன ஆட்டு மந்தைங்களா? விசில் அடிச்சா நிக்கறதுக்கும் ஓடறதுக்கும்?"

"ஆட்டுக்குக் கழுத்துல மணி கட்டிடலாம் டீச்சர். உங்களுக்குக் கட்டுனா கோவிச்சுக்குவீங்க. மெட்ராஸ்ல ஒரு ஆளு தொலைஞ்சா தேடறதுக்கு அது என்ன அரூர் சந்தைங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்காதவள் என் மனைவி சரசு ஒருத்திதான். அப்போது எங்களுக்குக் கல்யாணமாகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. ஏரியூர்ப் பக்கத்துக் காட்டு வீட்டில் வளர்ந்தவள். தர்மபுரி பஸ் ஸ்டாண்டையே கல்யாணப் புடவை எடுக்க வந்தபோதுதான் பார்த்தாளாம். "ஊரு தெரியாத எடத்துல இது ஒண்ணாச்சும் தெரிஞ்சிருக்கட்டுங்க" என்று சொல்லி, பரீட்சைக்குப் படிக்கிறவளைப் போல விசில் பாடத்தை மனப்பாடம் செய்தாள்.

கிளம்பும் அன்று மாமனார் ஏரியூரிலிருந்து வறுத்த நிலக்கடலை மூட்டையோடு வந்துவிட்டார். அளந்து பேசுகிற மனிதர். வேன் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு என்னிடம் சொன்னார்.

"மாப்ள, கடலு ஆறு மாதிரி இல்லீங்களாம். புள்ள ஒலகம் தெரியாதவ. உங்கள நம்பித்தான் அனுப்பறேன், பாத்துக்குங்க."

அவ்வளவுதான் சொன்னார். பின்னால் லாரி ஓட்டுகிற என் மைத்துனர்கள் இரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். திருவண்ணாமலை தாண்டும் வரைக்கும் அந்தக் கடலை மூட்டையைப் பிரிக்க எனக்குத் தோன்றவில்லை.

மெட்ராஸில் முதலில் பாம்புப் பண்ணை. கண்ணாடிக்குள் சுருண்டு கிடந்த மலைப்பாம்பு லேசாகத் தலையைத் தூக்கியது. உடனே பாய் ஒரு விசில் கொடுத்தார். நாங்கள் அப்படியே நின்றோம். அருகில் வரிசையாக வந்த ஏதோ பள்ளிக்கூடப் பிள்ளைகளும் நின்றார்கள். அவர்களுடைய வாத்தியாரும் என்னவோ ஏதோ என்று நின்றார். பாம்பு மட்டும்தான் நகர்ந்துகொண்டிருந்தது.

கலங்கரை விளக்கத்தில் ஏறுவதற்கு அனுமதி மறுக்கப்பட்டது. மறுத்தது அரசாங்கம் அல்ல, பாய். "மேல போனவங்களுக்குக் கீழ ஊதற விசிலு கேக்காது. கேக்காத எடத்துக்கு நான் ஆள அனுப்ப மாட்டேன்" என்று கறாராகச் சொல்லிவிட்டார். அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்ததோடு சரி.

பிறகு ஒரு பூங்கா. அங்கே பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பொம்மை ரயில் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. அதன் கார்டு இரண்டு விசில் அடித்தாரோ இல்லையோ, புல்தரையில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்த எங்கள் கூட்டம் இலையைப் போட்டுவிட்டு ஒட்டுமொத்தமாக எழுந்து போய் அந்த ரயிலில் ஏறிவிட்டது. முதல் ஆளாக ஏறியது டீச்சரம்மா. கார்டு தலையில் கை வைத்துக்கொண்டார். பாய் மட்டும் பெருமையாக நின்றார். "பாத்தீங்களா, பழக்கம் எப்படிப் படிஞ்சிருக்குது!" என்றார். அந்த இடத்திலேயே எங்களுக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். சிரித்துவிட்டு வேனில் ஏறிவிட்டோம்.

வெயில் சாயும் நேரத்துக்கு மெரினா வந்தது. கடலைக் கிட்டத்தில் பார்த்ததும் எங்கள் ஆட்கள் இரண்டடி பின்னால் போனார்கள். எங்கள் பக்கத்தில் தண்ணீர் என்பது கிணற்றுக்குள் எட்டிப் பார்க்க வேண்டிய பொருள். இங்கே அது எழுந்து எங்களைப் பார்க்க வந்துகொண்டிருந்தது. சரசு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ஆற்றில் இறங்குவதற்கு முன் செய்கிற மாதிரி தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு கணுக்கால் நனைய நின்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் சுண்டல் வாங்கப் போனேன்.

திரும்பி வந்தபோது செருப்பு இருந்தது. சரசு இல்லை.

ஓர் அலை வந்து அந்தச் செருப்பில் ஒன்றைப் புரட்டிவிட்டுப் போனது. என் கையில் இருந்த சுண்டல் எப்போது கீழே விழுந்தது என்று தெரியாது. அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். அலைச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அந்தப் பக்கம் ஓடினேன், இந்தப் பக்கம் ஓடினேன். கரையில் இருந்தவர்களிடம் எல்லாம் "சேப்புப் பொடவ, கால்ல செருப்பில்லாம, யாராச்சும் பாத்தீங்களா?" என்று கேட்டேன். வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர் செருப்பைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், எழுந்து நின்றார். அவர் எழுந்து நின்றதுதான் என்னைக் கொன்றது. மாமனார் முகம் கண்முன்னால் வந்தது. 'உங்கள நம்பித்தான் அனுப்பறேன்' என்ற அந்த ஒரு வரி காதுக்குள் திரும்பத் திரும்ப ஓடியது.

பாய் மணலில் காலை இழுத்துக்கொண்டு ஓடி வந்தார். விசிலை வாயில் வைத்து எண்ணிக்கைக்கு ஊதினார். வெறும் காற்றுதான் வந்தது. மறுபடி ஊதினார். மறுபடியும் காற்று. அத்தனை வருடம் ஊதிய மனிதருக்கு விசில் வரவில்லை என்பதைப் பார்த்ததும், எனக்கு இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போய்விட்டது.

"யா அல்லா, ஒரு தலை கொறையுதே" என்று முனகிக்கொண்டே அந்தச் செருப்பைக் குனிந்து பார்த்தார். பிறகு கடலுக்கு முதுகைக் காட்டி ரோட்டுப் பக்கம் திரும்பினார்.

"தம்பி, புள்ள செருப்ப எடுக்காம போயிருக்குது. கையில இருக்கறதப் போட்டுட்டுக் கெளம்புன்னு யாரு சொன்னது? நான்தானே? அதுக்கு எங்கியோ ரெண்டு விசிலு கேட்டிருக்குது. வாங்க!"

அப்போதுதான் என் காதும் திறந்தது. கடற்கரைச் சாலையில் பஸ்கள் போய்வந்துகொண்டிருந்தன. நின்று நின்று கிளம்பின. ஒவ்வொன்றுக்கும் இரண்டு விசில். மெட்ராஸ் முழுவதும் எங்கள் பாய் மாதிரியே ஊதிக்கொண்டிருந்தது.

ஓடினோம். சாலை ஓரத்துக்கு வந்ததும் பார்த்துவிட்டேன். அந்த அகலமான சாலையின் நட்டநடுவில், கையகலத் திட்டு ஒன்றின்மேல், வெறுங்காலோடு, இரண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு சரசு நின்றிருந்தாள். முன்னாலும் பின்னாலும் வண்டிகள் சீறிக்கொண்டு போயின. அவளைக் கூப்பிட வாயைத் திறந்தேன். பாய் என் வாயைப் பொத்தினார்.

"கத்தாதீங்க. நம்மளப் பாத்து ஓடியாந்துட்டா என்னா பண்றது? அது எங்கியோ ஒத்த விசிலு கேட்டு நின்னிருக்குது. இனிமே ரெண்டு விசிலு கேட்டா எறங்கிடும்."

அவர் சொல்லி முடிக்கவில்லை, எங்கள் பக்கத்து நிறுத்தத்தில் ஒரு பஸ் நின்றது. ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். கடைசி ஆள் படியில் கால் வைத்தான். கண்டக்டரின் கை விசிலை நோக்கி மேலே போனது. திட்டின்மேல் சரசு அந்தப் பஸ்ஸையே பார்த்துக்கொண்டு, ஒரு காலை முன்னால் எடுத்து வைத்துத் தயாராக நின்றாள்.

பாய் ஊதினார். இந்தத் தடவை வந்தது. ஒரே விசில். நிறுத்தாமல், மூச்சு விடாமல், நீளமாக ஒரே விசில். என் வாழ்நாளில் அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை.

சரசு எடுத்த காலைப் பின்னால் வைத்துக்கொண்டாள். கண்டக்டர் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திகைத்தார். அதற்குமேல் நடந்ததை அரூரில் இன்றுவரை ஒருவரும் நம்பவில்லை. பஸ் ஓட்டுகிறவர்களுக்கு ஊதுவது யார் என்று பார்க்கிற வழக்கம் கிடையாது, ஒரு விசில் என்றால் கால் தானாகப் பிரேக்குக்குப் போய்விடும். கிளம்பின பஸ் நின்றது. வந்துகொண்டிருந்த பஸ் நின்றது. எதிர்ப்பக்கத்துப் பஸ்ஸும் நின்றது. அவற்றுக்குப் பின்னால் கார், ஸ்கூட்டர், ரிக்‌ஷா எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. அந்த நின்றுபோன சாலையில் பாய் ஒரு கையைத் தூக்கிக்கொண்டு, நொண்டிக்கொண்டே, முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு மாற, ஊதிக்கொண்டே நடந்தார். சரசுவின் மணிக்கட்டைப் பிடித்த பிறகும் ஊதிக்கொண்டுதான் இருந்தார். நான் போய் விசிலை அவர் வாயிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது.

"யோவ் பெருசு, எங்க பஸ்ஸ நிறுத்தறதுக்கு நீ யாருய்யா?" என்று கண்டக்டர் கத்தினார். ஒரு போக்குவரத்துப் போலீஸ்காரரும் ஓடி வந்தார்.

பாய் இரண்டு பேரையும் கும்பிட்டார். "நானும் கண்டக்டருதானுங்க. ஒரு தலை கொறைஞ்சிடுச்சுங்க சார்" என்றார். போலீஸ்காரர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு எதுவும் கேட்கவில்லை. எங்களை மணல் பக்கம் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்.

சரசுவுக்கு இன்னமும் விஷயம் விளங்கவில்லை. "ரெண்டு விசிலு கேட்டுது, நீங்கதான்னு கெளம்பிட்டேன். பாதி ரோட்டுல போலீசு ஒரு விசிலு ஊதுனாரு, நின்னுட்டேன். உங்களுக்கெல்லாம் கேக்கலியாங்க?" என்றாள். பயமாக இருந்ததா என்று கேட்டேன். "ரொம்பப் பயந்துட்டேன். உங்க பேரச் சொல்லிக் கூப்புடலாமான்னுகூட ஒரு நிமிசம் நெனச்சிட்டேன்" என்று சொல்லிவிட்டு, அதன் பிறகுதான் அழ ஆரம்பித்தாள்.

பாய் மணலில் உட்கார்ந்துவிட்டார். சின்னப் பிள்ளை மாதிரி தேம்பினார். "எம்பேர்லதான்மா தப்பு. ஒலகத்துல எங்கிட்ட மட்டும்தான் விசிலு இருக்குதுன்னு நெனச்சிட்டேன்" என்றார். கழுத்துக் கயிற்றைக் கழற்றி, விசிலோடு சுருட்டிச் சட்டைப் பைக்குள் போட்டார்.

எல்லாரும் வேனில் ஏறினோம். வேன் கிளம்பவில்லை. எங்களோடு சேர்ந்து பழகிவிட்ட டிரைவர் விசிலுக்காகக் காத்திருந்தார். பாய் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டீச்சரம்மாகூட அவர் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் சரசுதான் பின்சீட்டிலிருந்து கூப்பிட்டாள்.

"பாய், ஊதுங்க. வூட்டுக்குப் போலாம்."

பாய் சட்டைப் பையைத் தடவி விசிலை எடுத்து, யாரையும் எழுப்பிவிடக் கூடாது என்கிற மாதிரி மெதுவாக இரண்டு விசில் கொடுத்தார்.

நடந்ததை மாமனாரிடம் கடைசிவரை நாங்கள் சொல்லவில்லை. பாயும் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. இப்போது எங்கள் வீட்டில் மிச்சம் இருக்கிற விசில் குக்கருடையது மட்டும்தான். அது முதல் விசில் அடிக்கும்போது சரசு கையில் கரண்டியோடு நின்ற இடத்தில் நின்றுவிடுவாள். கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிற நானும் பக்கத்தைப் புரட்டாமல் நிற்பேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள மாட்டோம். பாய் வந்து எங்களை எண்ணிவிட்டுப் போகட்டும் என்று, இரண்டாவது விசில் வரைக்கும் அப்படியே இருப்போம்.