பூனைக்கு மூன்று தலைமுறைப் பத்திரம்

புதுக்கோட்டை,
துன்முகி வருஷம், புரட்டாசி மாதம் 3ஆம் தேதி.

பொன்னமராவதி நவதானிய மண்டி அதிபரும், என் அன்புக்கும் அச்சத்துக்கும் உரியவருமான சம்பந்தி செல்லமுத்து அவர்கள் சமூகத்துக்கு, ரத்தினவேல் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இவ்விடம் நான், என் மனைவி பிச்சையம்மாள், தங்கள் மருமகள் ராசாத்தி, தாங்கள் திருப்பியனுப்பிய பூனை ஆகிய நால்வரும் சௌக்கியம். அவ்விடம் தாங்களும், சம்பந்தியம்மாள் கண்ணாத்தாளும், மாப்பிள்ளை நல்லதம்பியும், முன்னங்கால் இரண்டும் வெள்ளையான தங்கள் மண்டிக் கறுப்புக் கடுவன் பூனையும் சௌக்கியம் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது. இதிலும் மரியாதைக் குறைவு இருந்தால் அது கைப்பிழை. மனப்பிழை அல்ல என்றே நினைக்கிறேன்.

வைகாசியில் நடந்த கல்யாணத்துக்குத் தாங்கள் கொடுத்த சீர்ப் பட்டியலில், வெண்கல அண்டாவுக்கு அடுத்த வரியில், ‘சயாம் பூனை ஒன்று, அசல் ஜாதி’ என்று இருந்தது. எதிர்வீட்டுப் பங்களாவில் ஒன்று இருப்பதால் தங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தாக வேண்டும் என்ற நியாயம் எனக்கு உடனே விளங்கியது. மணமேல்குடி ஜைனுதீன் பினாங்கிலிருந்து கூடையில் கொண்டுவந்த பெட்டைப் பூனையை வாங்கி, கழுத்தில் சிவப்பு நாடா கட்டி, அந்த அண்டாவிலேயே வைத்து அனுப்பினேன். நீலக் கண், காய்ச்சிய பாலின் நிறம், கரி தடவியது போல முகமும் வாலும். நாற்பது நாள் தங்கள் வீட்டில் பாலும் சோறும் தின்றது. அப்புறம் மலேயா போய்த் திரும்பிய தங்கள் ஒன்றுவிட்ட தம்பி வந்தார். அங்கெல்லாம் அசல் பூனைக்குத் தாய், தகப்பன், பாட்டன், பூட்டன் பெயரெழுதிய பத்திரம் உண்டு என்று சொன்னார். தங்களுக்குத் தூக்கம் போயிற்று. ஆடிக்கு மகளை அழைத்துப்போக முதல் தேதியன்று நான் வந்தபோது, பூனைக் கூடையையும் அவள் மடியில் வைத்தீர்கள்.

“பத்திரமில்லாத நெலமும் காயிதமில்லாத பூனையும் ஒண்ணுதாங்க சம்பந்தி. எங்க மண்டிக் கடுவனோட ஒரே தட்டுல பால் குடிக்குது, இது என்ன அசலு? ஆவணி பொறந்ததும் ரெண்டும் வரட்டும். ஆனா காயிதத்தோட வரட்டும்” என்றீர்கள்.

‘ரெண்டும்’ என்பதில் என் மகளும் அடக்கம் என்பது பஸ் பாதி வழி வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

தங்கள் பேச்சில் தப்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. எதிலும் முதலில் என்னைச் சந்தேகிப்பதே என் வழக்கம். முப்பது வருஷம் சமஸ்தான ரிக்கார்டு அறையில் இருந்தவன், காகிதம் இல்லை என்று எத்தனை பேரைத் திருப்பியனுப்பியிருப்பேன்! எனவே, பூனையை மாற்றிவிட்டேன் என்று பின்னால் பேச்சு வராதிருக்க, வந்த அன்றே அதைச் சாமான் அறையில் வைத்துப் பூட்டினேன். சன்னலுக்குக் கம்பிவலை அடித்தேன். சாவி என் அரைஞாணில் இருக்கிறது. பிறகு ஜைனுதீனைத் தேடி மணமேல்குடி போனேன். அவர் சிரித்தார். “ஐயா, பினாங்குல பூனைக்குப் பத்திரம் எழுத ஆள் எடுத்திருந்தா, நான் பூனையத் தூக்கிக்கிட்டு ஏங்க கப்பலேறுறேன்? அந்த வேலையிலயே சேந்திருப்பேனே!” கர்ணத்திடம் போனேன். “வெளையாது, வரியும் கெடையாது. எந்த ரிஜிஸ்தர்ல எழுதச் சொல்றீங்க?” என்றார். மாட்டு டாக்டர் மட்டும் இரங்கி, அறைக்கே வந்து பல்லைப் பார்த்து, ‘இது பூனை, உயிருடன் இருக்கிறது’ என்று முத்திரை வைத்துக் கொடுத்தார். அந்த அளவுக்காவது ஐயம் தீர்ந்ததால் அதை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

வீட்டில் எனக்கு ஆதரவில்லை. “அவுக பொண்ணு கேட்டு வந்தப்ப ஏழு தலைமொறைப் பெருமை பேசுனாகளே, அதுக்கு ஒரு துண்டுக் காயிதம் வாங்குனீங்களா?” என்கிறாள் பிச்சையம்மாள். வாங்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை. ஒரு ரிக்கார்டு கீப்பருக்கு இது அழகா என்று என்னையே நொந்துகொண்டேன். ராசாத்தி ஆவணி முழுவதும் பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தாள். ஆவணி போய்விட்டது. நேற்றுக் கேட்டாள்: “அப்பா, நான் பூனைக்குத் தொணையாப் போறேனா, பூனை எனக்குத் தொணையா வருதா? அதை மட்டும் கேட்டு எழுதுங்க.” கேட்டு எழுதியிருக்கிறேன்.

ஆகவே தோற்றேன். இது நாட்டுப் பூனையே என்றும், சீரில் குறை வைத்தவன் நானே என்றும் இதன்மூலம் ஒப்புக்கொள்கிறேன். பூனை இப்போது நன்றாகப் பருத்திருக்கிறது. அதில் குறை வைக்கவில்லை. அதை ஏற்காவிட்டாலும், வரும் பத்தாம் தேதி மகளை மட்டுமாவது அழைத்துக்கொள்ளுமாறு இரு கை கூப்பிக் கேட்கிறேன். தங்கள் மண்டியில் மூட்டைக்கு மூட்டை எடை கூடவும், தங்கள் வீட்டில் சகலமும் பத்திரத்தோடு விளங்கவும் வேண்டும்,

தாழ்மையுள்ள சம்பந்தி,
ரத்தினவேல்.

பி.கு.: உறைக்குப் பசை தடவும்போது ராசாத்தி கூப்பிட்டாள். பூனை நான்கு குட்டி போட்டிருக்கிறது. நான்கும் கறுப்பு. நான்குக்கும் முன்னங்கால் வெள்ளை. மாட்டு டாக்டரிடம் ஓடிப் போய் விசாரித்தேன். பூனைக்குச் சினைக்காலம் ஒன்பது வாரமாம். அது தங்கள் வீட்டை விட்டு வந்தும் இன்றோடு ஒன்பது வாரம். அறை பூட்டியிருந்தது. சாவி அரைஞாணில்.

எனவே மேலே எழுதியதை எல்லாம் வாபஸ் வாங்குகிறேன். தலைப்பிரசவம் முறைப்படி தாய்வீட்டில் நடந்திருக்கிறது. பிள்ளை பார்க்கத் தகப்பன் வீட்டார்தான் சீரோடு வரவேண்டும். குட்டிகளுக்கு நானே பத்திரம் எழுதிவிட்டேன். தாய்: பினாங்கு. தகப்பன்: பொன்னமராவதி மண்டி. தகப்பன்வழிப் பாட்டன், பூட்டன் கட்டங்கள் காலியாக இருக்கின்றன. அதற்குரிய காகிதங்களைத் தாங்கள் அனுப்பும்வரை ராசாத்தி இங்கேயே இருப்பாள்.

இன்னொரு பி.கு.: இதையும் எழுதி முடிக்கையில் மாப்பிள்ளை தனியாக வந்து வாசலில் நிற்கிறார். “அப்பாகிட்டச் சொல்லிட்டு வந்தீங்களா?” என்று கேட்டேன். “சரக்கெடுக்கப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன் மாமா” என்றார். கையில் ராசாத்திக்கு இரண்டு முழம் மல்லிகை. காகிதம் எதுவும் இல்லை.

அசல்தான் என்று ஏற்றுக்கொண்டேன்.