ஹாலந்துக்கு வழி சொன்ன அண்ணாச்சி

கோவில்பட்டியில் உட்கார்ந்துகொண்டு, கேட்காதவர்களுக்கெல்லாம் ஐரோப்பாவுக்கு வழி சொன்ன ஒரே மனிதர் ஆலந்து அண்ணாச்சிதான். நான் பஞ்சு மில்லில் குமாஸ்தாவாக இருந்த காலத்தில் ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரே காப்பிக்கடை வைத்திருந்தார். அதற்குமுன் டச்சுச் சரக்குக் கப்பல் ஒன்றில் சமையல் வேலையாம். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்க வேண்டும். அதை விசாரிக்க அவர் யாருக்கும் இடைவெளி கொடுத்ததில்லை.

ஹாலந்துக்குப் போகிறவன் அங்கே என்னென்ன தின்ன வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் பேச்சு. கேட்கிறவன் கழுகுமலையைத் தாண்டாதவனாக இருந்தாலும் சலுகை கிடையாது.

மில்லுக்குப் பருத்தி போட வந்த இடைசெவல் ஊர்ச் சம்சாரி ஒருவர், பஸ் வருவதற்குள் ஒரு காப்பி குடிக்கலாம் என்று வந்து மாட்டிக்கொண்டார்.

"ரோட்டர்டாம்ல இறங்குனதும் வேற எதையும் தொடாதீரும். நேரா ஹாரிங் வண்டிக்குப் போயிரும். மீனு. வேக வைக்க மாட்டாவ, பொரிக்க மாட்டாவ. உப்புல ஊறுனது. பொடிசா நறுக்குன வெங்காயத்துல புரட்டி, வாலைப் பிடிச்சு, அண்ணாந்து வாயில விடணும்."

சம்சாரி சற்று யோசித்தார். "எங்க ஊர்க் கம்மாயில கொக்கும் அப்படித்தான் திங்குது. வெங்காயம் மட்டும்தான் அதுக்குக் கிடைக்கல."

அன்று அவருக்கு வந்த காப்பியில் சர்க்கரை இல்லை.

பேச்சோடு நின்றிருந்தால் ஊர் பிழைத்திருக்கும். அண்ணாச்சி செய்தும் காட்டினார். ஹாலந்துக்காரர்கள் கறுப்பாக ஓர் உப்பு மிட்டாய் தின்பார்களாம். அதிமதுரத்தைக் காய்ச்சி, உப்பை அள்ளிப் போட்டு, தார் நிறத்தில் ஒன்றைக் கிண்டி பாட்டிலில் நிரப்பிவிட்டார். அதுவும் கடலைமிட்டாய்க்குப் பேர்போன ஊரில்! பக்கத்துக் கடலைமிட்டாய்க் கடை ராவுத்தர் ஒன்றை எடுத்து வாயில் போட்டார். முகம் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது.

"வே, இது மிட்டாயா, மாட்டு வைத்தியமா?"

"உமக்கென்ன தெரியும் பாய்? அங்கன சின்னப் பிள்ளையெல்லாம் இதுக்கு அழும்."

"அழும். அதை நான் நம்புதேன்."

தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி ஒருவர், மகளின் இருமலுக்கு ஆகும் என்று வாங்கிப் போனார். பிறகு விசாரித்தபோது, "இருமல் நின்னுட்டு அண்ணாச்சி. பிள்ளைக்கு இருமவே பயமா இருக்கு" என்றார்.

இதற்கெல்லாம் மேலே ஒன்று இருந்தது: வாஃபல். கொல்லரிடம் சொல்லி அடித்த இரும்பு இடுக்கியில் கோதுமை மாவை வட்டமாகச் சுட்டு, இரண்டு வட்டத்துக்கு நடுவே கருப்பட்டிப் பாகைத் தடவுவார். அதைக் கொதிக்கும் காப்பித் தம்ளர்மேல் மூடிபோல வைக்க வேண்டும். ஆவியில் பாகு இளகும்வரை காப்பியையும் தொடக் கூடாது, வாஃபலையும் தொடக் கூடாது. யாராவது பிட்டுக் காப்பியில் முக்கினால் தம்ளரைப் பிடுங்கிக்கொள்வார்.

எங்கள் மில் கணக்கர் ஒருவர் தூத்துக்குடிக்குப் பெண் பார்க்கக் கிளம்பியவர், ரயிலுக்கு முன் அங்கே நுழைந்தார். வண்டி ஊதிவிட்டது. அவர் தம்ளரில் கை வைத்தார்.

"இன்னும் இளகல வே!"

"வண்டி போகுது அண்ணாச்சி!"

"வண்டி நாளைக்கும் வரும். பாகு இறுகுனா வருமா?"

வண்டி போயிற்று. பெண் வீட்டார் கோபித்துக்கொண்டார்கள். கணக்கருக்குப் பின்னால் வேறு இடத்தில் கல்யாணம் ஆயிற்று. அண்ணாச்சியை அவர் நன்றியோடு நினைக்கிறாரா, வேறு மாதிரி நினைக்கிறாரா என்று கேட்க எனக்குத் துணிவு வந்ததில்லை.

இவர் ஹாலந்தையே பார்த்ததில்லை, எல்லாம் கொழும்பில் கேட்ட கதை என்பது ராவுத்தரின் கட்சி. அதை நிரூபிக்க அவருக்கும் ஒரு நாள் வந்தது. கழுகுமலைச் சிற்பங்களைப் பார்க்கப் போகிற வெள்ளைக்காரத் தம்பதி ஸ்டேஷனில் இறங்கினார்கள். விசாரித்தால் ஹாலந்து! ராவுத்தர் அவர்களை அழைத்துக்கொண்டு, பாதி பஜாரையும் பின்னால் திரட்டிக்கொண்டு வந்தார். இங்கிலீஷ் தெரிந்தவன் என்று என்னைப் பிடித்து முன்னால் நிறுத்தினார்கள்.

அண்ணாச்சியின் முகம் வெளுத்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றும் பேசாமல் காப்பி போட்டார். வாஃபலைத் தம்ளர்மேல் மூடி வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். அதைப் பார்த்ததும் அந்த அம்மாள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். துரை சிரித்தார். இருவரும் பாகு இளகும்வரை காப்பியைத் தொடாமல் பொறுமையாகக் காத்திருந்தார்கள்! கூட்டத்துக்குப் பெரிய ஏமாற்றம்.

தின்று முடித்து, துரை என்னிடம் கேட்டார். நான் தமிழில் சொன்னேன்: "அவங்களுக்கு ரோட்டர்டாம்தான் சொந்த ஊராம். நீங்க அங்கே எந்தத் தெருவில் இதைச் சாப்பிட்டீங்கன்னு கேட்கிறார்."

அண்ணாச்சி துரையைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"இறங்க விடலியே சார். கப்பல் ரிப்பேருக்கு நின்ன அம்புட்டு நாளும் நம்ம நாட்டு ஆளுகளை மட்டும் தரையில கால் வைக்க விடல. பெரிய சமையக்காரன் ஒரு டச்சுக் கிழவன். கரைக்குப் போனா எதையாவது காயிதத்துல பொதிஞ்சு கொண்டாந்து தருவான். எப்படித் திங்கணும்னும் சொல்லுவான். நான் மேல்தட்டுல நின்னு, ஊரைப் பாத்துக்கிட்டே திம்பேன்."

துரை பதிலுக்காக என்னைப் பார்த்தார். "துறைமுகத்துக்குப் பக்கத்தில்" என்று இங்கிலீஷில் சொல்லி வைத்தேன். அவருக்குத் திருப்தி.

எல்லாரும் ராவுத்தரைப் பார்த்தோம். இத்தனை காலம் காத்திருந்தது கைக்குக் கிடைத்துவிட்டது. இனி விடமாட்டார் என்று நினைத்தோம்.

"அதுக்கென்ன வே இப்ப?" என்றார் ராவுத்தர். "நானுந்தான் நாள்பூரா மக்கத்தைப் பத்திப் பேசுதேன். போயிட்டு வந்தா பேசுதேன்?"

தம்பதியைக் கழுகுமலை பஸ்ஸில் ஏற்றிவிட்டுத் திரும்பினோம். அண்ணாச்சி தம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தார். அவர் வாய் திறந்தாலே எழுந்து ஓடுகிற நாங்கள் அன்று பெஞ்சில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். ராவுத்தர் தொண்டையைக் கனைத்தார்.

"வே, அந்த மேல்தட்டுல நின்னு பாத்தா என்னல்லாம் தெரிஞ்சிது? ஒண்ணு விடாம சொல்லும்."

அவர் சொல்லத் தொடங்கினார். ஒருவரும் எழுந்து போகவில்லை.