காக்கைத் தளபதி படகில் போன கதை

கர்ரக், கர்ரக், கர்ரக்.

சத்தம் மாடியிலிருந்து வந்தது. கீழ்வீட்டுத் தையல் அக்கா மிஷினை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள். மரம் அறுப்பது மாதிரியும் இருந்தது, ரொட்டி அறுப்பது மாதிரியும் இருந்தது. சட்டென்று புரிந்து நெஞ்சில் கைவைத்தாள். கடைசிப் பாகம் வந்துவிட்டது. மேலே புத்தகத்தை அறுக்கிறார்கள்.

அறுத்தவர் ரொட்டிக் கடையில் அடுப்புக்காரர். ராத்திரியெல்லாம் அடுப்பு, பகலெல்லாம் தூக்கம். அவர் மனைவி பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கிக்குப் பின்னால் உட்கார்ந்து வண்டி வருவதையும் வராததையும் அறிவிப்பவள். அவர் வேலை முடிந்து உள்ளே வரும்போது அவள் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பாள். சூரியனும் சந்திரனும் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தால் எப்படியோ அப்படிக் குடித்தனம். சாயங்காலம் மட்டும் கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஒன்றாக இருப்பார்கள். அந்த நேரத்துக்கும் பல வருஷமாக இரண்டே வாக்கியம்தான் இருந்தது. சாப்பாடு மூடி வெச்சிருக்கு என்பாள் அவள். சாவி எடுத்துக்கிட்டேன் என்பார் அவர்.

அப்புறம்தான் அந்தக் கதை வீட்டுக்குள் நுழைந்தது. பனிமலை, கோட்டைகள், பறக்கிற ஓநாய்கள், ஆளுக்கொரு சாபம். செங்கல் தடிமனில் பாகம் பாகமாக வந்தது. புத்தகம் ஒன்று, அவசரக்காரர்கள் இரண்டு பேர். முழு ரொட்டியை யாராவது அப்படியே விழுங்குவார்களா என்று கேட்டு அடுப்புக்காரர் ரொட்டிக் கத்தியை எடுத்தார். ஒரு பாகத்துக்கு அவர் முதலில் படிப்பார், அடுத்த பாகத்துக்கு அவள். படித்து முடித்த துண்டு கைமாறும். தன் பிரதிக்கு அட்டை போட்டு, கை கழுவிவிட்டுத் தொடுகிற தையல் அக்காவுக்கு இது பச்சைக் கொலை.

ஆனால் அந்தக் கொலைக்குப் பிறகுதான் மேல்வீட்டில் உயிர் வந்தது. கதையில் வருகிறவர்களைப் பற்றி இரண்டு பேரும் பங்காளிகளைப் பற்றிப் பேசுவது மாதிரிப் பேசினார்கள். வெள்ளி அரசி கையால் ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டேன் என்பாள் அவள். பாவம், அவளுக்குத் தூக்கம் இல்லை, தூக்கமில்லாதவர்கள் வாயில் நல்ல வார்த்தை வராது என்று அவர் வக்காலத்து வாங்குவார். அவருக்கு உயிர், விளக்குக் கிழவன். கோட்டைச் சுவரில் ராத்திரி முழுக்க விளக்கேற்றுகிறவன், யாரும் ஒரு நன்றிகூடச் சொல்லாதவன். போன பாகத்தில் கோட்டை விழும்போது கிழவன் ஒற்றை விளக்கோடு பனிப்பாலத்தில் நடந்து போக, எதிரிப் படை தானாக விலகி வழிவிட்டதே, அதைக் கடையில் அவர் சொல்லக் கேட்டு மாவு பிசைகிறவர்கள் பிசைவதை நிறுத்திவிட்டார்கள்.

அவளுக்கு உயிர், காக்கைத் தளபதி. ஒற்றைக் கண், முதுகு வலி, தோளில் காக்கை, வாயைத் திறந்தால் வசவு. "அந்த மனுஷனுக்கு மட்டும் ஏதாவது ஆச்சு, இந்தப் புத்தகத்தை இனி தொட மாட்டேன்" என்று கடைசிப் பாகம் வருவதற்கு முன்பே அறிவித்திருந்தாள். அவள் அறிவித்தால் அறிவித்ததுதான். ஊரே அந்தக் குரலை நம்பித்தான் மூட்டையைத் தூக்குகிறது.

கடைசிப் பாகத்துக்கு அவர் முறை. மூன்றாவது துண்டில், எரிகிற அடுப்புக்கு எதிரே உட்கார்ந்திருந்தபோது, தளபதி செத்துப்போனார். ஒரே அம்பு. காக்கை மட்டும் ரொம்ப நேரம் மேலே சுற்றியது. அடுப்புக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு தட்டு ரொட்டி கருகியது. தளபதி போனது பாதி துக்கம்தான். இனி அவள் புத்தகத்தை மூடுவாள். சாயங்காலம் மறுபடி மூடி வைத்த சாப்பாடும் சாவியுமாக ஆகிவிடும். அதை நினைத்தபோது அடுப்பருகிலும் குளிர்ந்தது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதென்று தீர்மானித்தார். அந்தத் துண்டு கைதவறி அடுப்பில் விழுந்து எரிந்துவிட்டது என்று மறுநாள் சாயங்காலம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னார். அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்படியா. சரி, வாயால சொல்லுங்க."

பொய்யைத் தயார் செய்தவர் கதையைத் தயார் செய்யவில்லை. துவைத்த துணிகளை மடிப்பது அவர் வேலை. ஒரு தலையணை உறையை எடுத்து மடித்தபடியே ஆரம்பித்தார்.

"அம்பு பறந்து வந்துச்சு. தளபதி குனிஞ்சிட்டார்."

"முதுகு வலிக்காரர் எப்படிங்க குனிஞ்சார்?"

"மெதுவாக் குனிஞ்சார்."

"அதுவரைக்கும் அம்பு நின்னுச்சா?"

"பனியில அம்பும் மெதுவாத்தான் வரும்."

"ஓஹோ. அப்புறம்?"

"படகுல ஏறிப் போயிட்டார்."

"மலை உச்சியில படகு."

"ஏரி இருந்துச்சும்மா. நீ குறுக்க குறுக்கப் பேசினா எனக்கு மறந்துபோகும்."

"யாருங்க துடுப்புப் போட்டது, காக்காவா?"

"காக்கா வழி சொல்லுச்சு. தளபதிதான் போட்டார். பசிச்சப்ப ரொட்டி சுட்டுக்கிட்டார்."

"படகுக்குள்ள அடுப்பா?"

"சின்ன அடுப்பு."

தலையணை உறை கைக்குட்டை அளவுக்கு மடிந்துவிட்டிருந்தது.

ஆழம் தெரியாமல் காலை விட்டாயிற்று. அடுத்த துண்டைப் புரட்டினால் தளபதிக்கு நாடே அழுகிறது. அதுவும் அடுப்பில் விழுந்தது. அதற்கடுத்ததில் சிலையே வைத்துவிட்டார்கள். அதையும் அடுப்பு தின்றது. இத்தனை இலக்கிய ருசியுள்ள அடுப்பு எந்த ரொட்டிக் கடையிலும் இருந்திருக்காது. படகோ நிற்கிற வழியாக இல்லை. தீவுக்குப் போனது, புயலில் மாட்டியது. காக்கைக்கு ஜலதோஷம் பிடித்தது. அவள் கன்னத்தில் கைவைத்துக் கேட்டாள். ஒரு நாள் கண்கூடக் கலங்கினாள். அடுப்புக்காரர் கண்ணாடி முன் நின்று தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்துக்கொண்டார். மாவு மட்டும்தான் தன் கையில் உப்பும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாரே.

ஒரு சாயங்காலம் கொடியில் காய்ந்த துணிகளை எடுக்கக் கீழே போனார். தையல் அக்கா வாசலில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன தம்பி, தளபதி இப்படிப் பண்ணிட்டாரே. உங்க வீட்டம்மாவுக்கு மனசு ஆறிச்சா?"

எதற்கு ஆற வேண்டும் என்று கேட்டார். அக்கா விவரமாகச் சொன்னாள். துண்டு எரிந்துபோனதாக அவர் சொன்னதற்கு மறுநாளே அவர் மனைவி வேலையிலிருந்து நேராக இங்கே வந்தாளாம். அக்காவின் பிரதியை வாங்கி, இதே முக்காலியில் உட்கார்ந்து படித்தாளாம். அம்பு பட்ட இடத்தில் இரண்டு பேரும் அழுத அழுகையில், தைத்து முடித்த ஒரு சட்டையை மறுபடி காயப்போட வேண்டியதாயிற்றாம்.

அடுப்புக்காரர் துணிகளை அணைத்துக்கொண்டு மாடியேறினார். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். துணியைக் கட்டிலில் போட்டுவிட்டுக் கேட்டார்.

"தெரிஞ்சிருந்தும் எதுக்கு உட்கார்ந்து கேட்டே?"

அவள் கத்தியை நிறுத்தவில்லை. "அவர் செத்தா புத்தகத்தைத் தொட மாட்டேன்னு வாயை விட்டுட்டேன். தொடலைன்னா சாயங்காலம் நாம என்னங்க பேசுறது? நீங்களே படகு விட்டீங்க, நானும் ஏறிக்கிட்டேன்."

அவர் ஒரு சட்டையை எடுத்து உதறினார். அதோடு விட்டிருந்தால் மரியாதை மிஞ்சியிருக்கும். அவள் விடவில்லை.

"அந்தச் சின்ன அடுப்பு நல்லா இருந்துச்சு. ஆனா உங்களுக்கு அவசரம். இத்தனை துண்டையா எரிக்கிறது? கிழவனுக்கு நான் ஒரே ஒரு துண்டைத்தான் தண்ணித்தொட்டியில போட்டேன். மிச்சத்துல அவர் பேரு வந்த ரெண்டு இடத்துல டீயைக் கொட்டினேன். முடிஞ்சுது."

"எந்தக் கிழவனுக்கு?"

"அட, அது இன்னும் தெரியாதா உங்களுக்கு?"

கிழவன் செத்தால் இனி படிக்க மாட்டேன் என்று அவரும் ஒரு காலத்தில் சபதம் போட்டிருந்தாராம். போன பாகத்தில் கிழவன் செத்தே போனானாம். அப்படியானால் பனிப்பாலம்? அவள் சொன்னது. ஒற்றை விளக்கு? அவள் சொன்னது. விலகி வழிவிட்ட படை? ஒரு நாள் வண்டி ரொம்பத் தாமதமாம், ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு அப்போது யோசித்தாளாம்.

அடுப்புக்காரர் கட்டிலில் துணிக்கு நடுவே உட்கார்ந்துவிட்டார். அத்தனை பாகத்திலும் அவர் நெஞ்சை உலுக்கிய இடம் ஒன்றே ஒன்று. அது புத்தகத்திலேயே இல்லை. இங்கே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கிறது. கொல்லன் தெருவில் ஊசி விற்றிருக்கிறார், அதுவும் முனை மழுங்கிய ஊசி. மலையடிவாரத்தில் நிற்கிறவன் உச்சியைப் பார்க்கிற மாதிரி அவளை அண்ணாந்து பார்த்தார். இத்தனை வருஷம் இந்த மலையிடமா சாவியைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்தோம் என்று உடம்பு சிலிர்த்தது.

"அப்ப கிழவன் நிஜமா எப்படி..."

"சொல்லட்டுமா?"

அவர் அவசரமாகக் கையை நீட்டித் தடுத்தார்.

"வேணாம். பாலத்தைத் தாண்டி எங்க போனார், அதைச் சொல்லு."

"அதை இன்னும் யோசிக்கலைங்க. நாளைக்கு வண்டி லேட்டா வந்தா பாக்கலாம். அந்தப் போர்வை கசங்குது, மடிங்க."

அவர் போர்வையை எடுத்து உதறி, முனையோடு முனை சேர்த்தார்.