முனாபின் முதல் உருண்டை

நாற்பத்தைந்து வயது முடிவதற்குள் கஞ்சா லேகியத்தை ஒரே ஒரு தடவை ருசி பார்த்துவிடுவது என்று முனாப் முடிவெடுத்தபோது அவருடைய இடது கால் நடுங்கியது. வலது கால் உறுதியாகத்தான் நின்றது. சரிபாதி ஆதரவு இருக்கிறது, போதும் என்று எடுத்துக்கொண்டார்.

கல்முனையில் ஒரு அரசாங்கக் கந்தோரில் அவர் கிளாக்கர். ஊரில் 'கவனம் முனாப்' என்றால்தான் தெரியும். வெயில் காலத்தில் ஒரு குடை, மழைக்காலத்தில் இரண்டு. மீன் தின்னும்போது பக்கத்தில் ஒரு பிடி வெறுஞ்சோறு உருட்டி வைத்துக்கொள்வார், முள் சிக்கினால் விழுங்குவதற்கு. மீன் இல்லாத நாளிலும் அந்த உருண்டை இருக்கும்.

வீடு, அவருடைய மனைவி கைருன்னிஸாவுக்கு வந்த சீதனம். கட்டில் அவளுடையது. அலுமாரி அவளுடையது. கிணறும், வளவிலுள்ள பதினொரு தென்னையும் அவளுடையவை. முனாபுக்கென்று இருந்தது சிவப்பு நிறச் சாலி மோட்டார் சைக்கிள் ஒன்றுதான். அதுவும் போய்விட்டால் அந்த வீட்டில் தன்னுடையது என்று சொல்லப் பல் துலக்கும் பிரஷ் மட்டும்தான் மிஞ்சும் என்பது அவருடைய பயம்.

அந்தச் சாலியைத்தான் கைருன்னிஸா இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் மாவடிப்பள்ளியில் கணக்கு டீச்சர். காலையில் பஸ்ஸுக்கு நின்று, காரைதீவில் இறங்கிச் சோதனைச் சென்றியில் அடையாள அட்டை காட்டி, மறுபடி ஏறி, பள்ளிக்கூடம் போவதற்குள் அவளுக்கு ஒரு நாள் முடிந்ததுபோல் ஆகிவிடும்.

"இஞ்சருங்க, நான் சாலியில பள்ளிக்குப் போகட்டா?"

"விழுந்தா?"

"விழுந்தா எழும்புவன்."

"கையக் கால முறிச்சா?"

"நீங்க ஓடக்குள்ள முறியாதா?"

"எனக்கு அனுபவம் இரிக்கி."

அந்த அனுபவம் மணிக்குப் பத்து மைல். சைக்கிள்காரர்கள் அவரை முந்திப் போவார்கள். போகிற போக்கில் ஸலாமும் சொல்லி, சுகமும் விசாரித்துவிட்டுப் போவார்கள்.

இப்படிப்பட்ட மனிதருக்குக் கஞ்சா ஆசை எப்படி வந்தது? ஜவுபரால் வந்தது. ஜவுபர் கந்தோருக்கு முன்னால் தேநீர்க் கடை வைத்திருப்பவர், முனாபின் கூட்டாளி.

"மச்சான், நீ இன்னும் பொறக்கவே இல்லடா. ஒரு துண்டு தின்னு பாரு. ஒரு மணித்தியாலம் ராசா மாதிரி இரிப்பா. ஒரு பயமும் வராது."

"ஹராமில்லயா?"

"மருந்துடா! சவளக்கடைப் பரிசாரி வயித்து வலிக்குக் குடுக்கிற."

"எனக்கு வயித்து வலி இல்லயே."

"நாளைக்கு வரும்."

அந்தக் கணமே முனாபுக்கு வயிற்றில் லேசாக ஏதோ குத்தியது. மார்க்கப் பிரச்சினை அத்தோடு தீர்ந்தது.

தைல டப்பா ஒன்றுக்குள் இரண்டு கறுப்பு உருண்டைகள் வந்து சேர்ந்தன. முனாபுக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. கலியாணத்தன்று காலையில்கூட இப்படி அடித்ததில்லை. ஆனாலும் அவசரப்படவில்லை. கந்தோர்க் கடுதாசியின் பின்பக்கத்தில் பதினான்கு பாதுகாப்பு விதிகள் எழுதினார். வெறும் வயிற்றில் கூடாது. முதலில் கால் உருண்டை, அதற்குமேல் அன்றைக்கு ஒரு துரும்பும் கூடாது. நேரம் சனிக்கிழமை காலை, பகல் லுஹர் தொழுகைக்குள் தெளிந்துவிட வேண்டும். பிள்ளைகளைச் சாய்ந்தமருதில் சாச்சி வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். டப்பா பிள்ளைகளின் கைக்கு எட்டக் கூடாது. மோட்டார் சைக்கிள் சாவி தன் கைக்கு எட்டக் கூடாது. தெளிந்த புத்தியுள்ள பொறுப்பான ஆள் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

கல்முனை முழுவதும் மனதுக்குள் தேடிப் பார்த்தார். தெளிந்த புத்தியுள்ள பொறுப்பான ஆள் ஒருத்திதான் அகப்பட்டாள்.

வெள்ளி பின்னேரம் டப்பாவைக் கொண்டுபோய்க் கைருன்னிஸாவிடம் கொடுத்தார்.

"என்ன இது?"

"வாய்வு மருந்து. பரிசாரி தந்த. மேல் தட்டுல வை புள்ள."

அவள் மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"தலை சுத்துமா?"

"கொஞ்சம்."

"சிரிப்பு வருமா?"

"வந்தாலும் வரும்."

"வாய்வு போறதுக்கு என்னத்துக்குச் சிரிப்பு?"

"அது... நிம்மதியில வாற சிரிப்பு."

"அப்ப நான் பக்கத்துல இரிக்கட்டா?"

"இரி புள்ள, இரி! இந்தா, சாலிட சாவியையும் வெச்சுக்க. நான் கேட்டாலும் குடுக்காத."

"எத்தின தரம் கேட்டாலும்?"

"எத்தின தரம் கேட்டாலும்!"

சனிக்கிழமை ஒன்பது மணி. ஆறு ஆப்பம் உள்ளே போயிருந்தது. ஹோலில் பாய் விரித்து, விழுந்தாலும் நோகாதபடி நாலு பக்கமும் தலையணை அடுக்கி, நடுவில் முனாப் அமர்ந்தார். கைருன்னிஸா கதிரையில் இருந்து பிள்ளைகளின் கணக்குக் கொப்பிகளைத் திருத்தத் தொடங்கினாள். அவள் கொண்டுவந்து வைத்த தட்டில் கால் உருண்டையும் பக்கத்தில் தேத்தண்ணியும் இருந்தன. முனாப் பிஸ்மி சொல்ல வாயெடுத்து, இது அதற்குரிய இடமா என்று குழம்பி, கண்ணை மூடி விழுங்கினார்.

நல்ல இனிப்பு. கொஞ்சம் உறைப்பு. இவ்வளவு ருசியான சாமானையா அரசாங்கம் தடுத்து வைத்திருக்கிறது என்று அவருக்குக் கவலையாக இருந்தது.

பத்து நிமிஷம் ஒன்றுமில்லை. பதினோராவது நிமிஷம் வந்தது பாருங்கள்! உள்ளங்கால் குறுகுறுத்தது. கூரையில் ஓடிய பல்லி நின்று அவரைப் பார்த்துத் தலையாட்டியது. காதுக்குள் கடல் இரைந்தது. கடல் நூறு யார் தூரத்தில்தான் கிடக்கிறது, தினமும் இரைவதுதான். ஆனால் இன்று அது அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது.

"புள்ள! கடல் என்னக் கூப்பிடுது!"

"போக வேணாம் எண்டு செல்லுங்க."

"நான் பறக்கிறன் புள்ள!"

"முகட்டுல தலை இடிக்கும். பார்த்துப் பறங்க."

முனாப் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பயம் என்ற சாமானைத் தேடிப் பார்த்தார், எங்கேயும் இல்லை. உலகத்தில் எல்லோருக்கும் எதையாவது அள்ளிக் கொடுக்க வேண்டும் போலிருந்தது. அந்த நேரம் பார்த்துக் கைருன்னிஸா கொப்பியிலிருந்து தலையெடுத்தாள்.

"இஞ்சருங்க, திங்கக்கிழம நான் சாலியில பள்ளிக்குப் போகட்டா?"

"போ! சாலியில போ! அக்கரைப்பற்றுக்குப் போ! பொத்துவிலுக்குப் போ! ஆரு தடுக்கிற எண்டு பாக்கன்!"

"மறுகா இல்லயெண்டு செல்லுவீங்க."

"நானா? எடு புள்ள பேனைய!"

கிளாக்கரின் கை. போதையிலும் வரி கோணவில்லை. 'கல்முனையைச் சேர்ந்த முனாப் ஆகிய நான், எனது சிவப்பு நிறச் சாலி மோட்டார் சைக்கிளை எனது மனைவி கைருன்னிஸா பாடசாலைக்கும் அவர் விரும்பும் ஏனைய இடங்களுக்கும் செலுத்திச் செல்வதில் எனக்கு எதுவித ஆட்சேபணையும் இல்லை என இத்தால் அறியத்தருகிறேன்.' திகதியும் 1996 என்று வருஷமும் எழுதிக் கையெழுத்துப் போட்டு, அது போதாதென்று பெருவிரலில் மை தடவி அடையாளமும் வைத்தார். பிறகு தலையணைகளுக்கு நடுவே சாய்ந்து குறட்டை விட்டார்.

லுஹர் பாங்கோடு எழும்பினார். உடம்பு பஞ்சுபோல் இருந்தது. ஒரு வாழ்நாள் ஆசை ஒரு கீறலும் இல்லாமல் நிறைவேறிவிட்டது! அந்தச் சந்தோஷத்தில் முகம் கழுவப் போனவர் பெருவிரலில் மையைக் கண்டார். ஓடி வந்தார்.

"புள்ள, அந்தக் கடுதாசி எங்க?"

"அலுமாரிக்குள்ள."

"அது செல்லாது! மயக்கத்துல எழுதின. புத்தி தெளிவில்லாதவன்ட சொல்லு எங்கயும் செல்லாது. மார்க்கத்துலயும் செல்லாது, கந்தோர்லயும் செல்லாது!"

"வாய்வு மருந்துல மயக்கமா?"

முனாப் மூச்சை இழுத்துவிட்டார். சாலியா மானமா என்று ஒரு கணம் நிறுத்துப் பார்த்தார். சாலிதான் கனத்தது.

"அது வாய்வு மருந்தில்ல புள்ள. கஞ்சா."

கைருன்னிஸா எழும்பிப் போய் மேல் தட்டிலிருந்து டப்பாவை எடுத்து வந்து திறந்து காட்டினாள். கறுப்பு உருண்டைகள் இரண்டும் முழுசாக இருந்தன.

"எங்கட வாப்பா கலியாண வீடுகளுக்குக் கஞ்சா இலை போட்டு மாட்டிறைச்சி ஆக்கின மனிசன். அந்த இலைட மணம் எனக்குத் தெரியாதா? நீங்க தின்டது நான் உருட்டின ஈத்தம்பழமும், இஞ்சியும், கருஞ்சீரகமும். உங்கட புத்தி நல்லாத்தான் இரிந்திச்சி."

"அப்ப கடல் கூப்பிட்ட?"

"அது எனக்குத் தெரியா."

"பல்லி?"

அவள் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கினாள். முனாப் பின்னாலேயே ஓடினார்.

"சாவியத் தா புள்ள! கெஞ்சிக் கேக்கன். நீ இன்னும் தொட்டுக்கூடப் பாத்ததில்ல!"

ஒரே உதைதான். அவருக்கு எட்டு உதை கேட்கும் அந்தச் சாலி உறுமிக்கொண்டு கிளம்பியது. கிணற்றைச் சுற்றி, தென்னைகளுக்கிடையில் வளைந்து, அவருடைய கால் பெருவிரலுக்கு ஒரு சாண் முன்னால் வந்து குலுங்காமல் நின்றது.

"நீ... நீ எப்ப பழகின?"

"வெள்ளிக்கிழமையில."

"எந்த வெள்ளிக்கிழம?"

"எல்லா வெள்ளிக்கிழமையும். நீங்க சாவிய ஆணியில மாட்டிட்டு ஜும்ஆவுக்கு நடந்து போவீங்க. குத்பா முடியிற மட்டும் றோட்டுல ஒரு ஆம்புளையும் இரிக்கிறல்ல. ரெண்டு வருஷமா இந்த ஒழுங்கை முழுக்க எங்கடதான்."

"எங்கடயா? இன்னும் ஆரு?"

கைருன்னிஸா ஹெல்மெட்டின் வாரை இறுக்கிக்கொண்டு சொன்னாள்:

"உங்கட சாலியில இதுவரைக்கும் ஒம்பது பொம்புளையள் ஓடப் பழகிட்டாங்க. ஜவுபர் காக்காட பொண்டாட்டி நேத்துத்தான் முடிச்ச."