தேத்தண்ணி நிறத் தாரா

அந்த மாரியில் ஜவுபர் ஒரு பெரிய முடிவெடுத்தார். மாப்பிள்ளை, பெண், பிரியாணிச் சஹன் தட்டு இவற்றையே படம் பிடித்துக் காலத்தைக் கழிப்பதில்லை. இனிப் பறவைகளைப் பிடிப்பது. படத்தில்தான்.

அம்பாறையில் பறவைப் பிரியர்கள் சிலர் சேர்ந்து நீர்ப்பறவைப் படப் போட்டி ஒன்று வைத்திருந்தார்கள். யாரும் கலந்துகொள்ளலாம். நிபந்தனை ஒன்றே ஒன்று: பறவையின் நிறம் இயற்கையாக இருக்க வேண்டும்.

ஜவுபருக்குக் கல்முனையில் ஸ்டூடியோ. முதல் ஸ்டூடியோவைச் சுனாமி கொண்டுபோனது. கதவு, கெமரா, ஊரில் பாதிப் பேருடைய கல்யாணம், எல்லாம் ஒன்றாகவே கடலுக்குப் போயின. இரண்டாவதைத் திறந்தபோது சண்டைக் காலம். கெமராவைத் தோளில் போட்டுக்கொண்டு களப்புத் தண்ணீர்ப் பக்கம் போனால், தாரா வாத்து தலையைத் தூக்க முந்தி காவலில் நிற்கிறவன் தலையைத் தூக்குவான். இப்போது சண்டை முடிந்து வழி திறந்துவிட்டது. தாராக்கள் தயாராக இருந்தன. இயற்கை நிறந்தான் தயாராக இல்லை.

ஜவுபரின் கைராசி அப்படி. அவர் கம்பியூட்டரில் தொட்ட எந்த மணப்பெண்ணையும் அவளைப் பெற்ற உம்மாவுக்கே அடையாளம் தெரிந்ததில்லை. மாநிறம் பால்மா நிறமாகும். ரோசாப்பூச் சேலை தீப்பற்றி எரியும்.

"நாளைக்குச் சுபஹ் தொழுதிட்டுக் களப்புக்குப் போறன்," என்றார் மனைவி சுஹறாவிடம்.

"நானும் வாறன்."

"நீ என்னத்துக்கு? நீ கதைக்கிற சத்தத்துக்குப் பறவையெல்லாம் பறந்திரும்."

"உங்கட குறட்டைக்கே வாசல் முத்தத்துக் காகம் பறக்கல்ல. நான் கதைச்சா தாரா பறக்குமா?"

"இது கலை, புள்ள. நிறத்தைப் பத்தி உனக்கென்ன தெரியும்?"

"தெரியாதுதான். நீங்க சொல்லித் தரமாட்டீங்களா, மச்சான்?"

சொல்லித் தரமாட்டீங்களா என்று யாராவது கேட்டால் ஜவுபர் விழுந்துவிடுவார். விழுந்தார்.

பெரியநீலாவணை இராசதுரை மீன்பிடிகாரர், ஜவுபரின் நெடுநாள் கூட்டாளி. அவருடைய தோணியில்தான் போனார்கள். சுஹறாவின் மடியில் உள்ளங்கையளவு கெமரா ஒன்று இருந்தது. பொத்துவிலில் இருக்கும் தன் தங்கச்சி ஸகியாவிடம் இரவல் வாங்கியது; அவளுக்குப் புருசன் கட்டாரிலிருந்து அனுப்பியது.

"அந்த விளையாட்டுச் சாமானை ஏன் கொண்டு வந்தாய்?"

"ஸகியாட புது வீட்டுச் சுவருக்கு ஒரு படம் வேணுமாம்."

ஜவுபர் பெருந்தன்மையோடு சிரித்தார். வெளிச்சம் அப்போதுதான் தண்ணீரில் படிந்துகொண்டிருந்தது. ஆம்பல் இலைகளுக்கிடையில் ஒரு சோடிக் காட்டுத் தாரா, பின்னால் குஞ்சுகள். ஜவுபர் தொண்டையைச் செருமிப் பாடத்தைத் தொடங்கினார்.

"முதலாவது, சூரியன் நமக்குப் பின்னால நிக்கணும்."

"ஓம்." சுஹறா திரும்பி உட்கார்ந்தாள்.

"ரெண்டாவது, வெயில் ஏற முந்தி எடுக்கணும். ஏறினா நிறம் வெளிறிப் போயிரும்."

"ஓம்."

டிக் என்றொரு சத்தம் கேட்டது.

"மூண்டாவது, பறவை தானாக் கிட்ட வரும்வரைக்கும் அசையப்படாது. என்ன சத்தம் அது?"

"ஒண்டுமில்ல. நீங்க சொல்லுங்க."

இராசதுரை சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டு மறுபக்கம் பார்த்தார்.

பாடம் முடிந்தபோது வெயில் ஏறிவிட்டது. ஜவுபர் பெரிய லென்சை மாட்டி, மூன்றுகால் தாங்கியை நிறுத்த இடம் தேடி, தோணியை இரண்டு தரம் கவிழ்க்கப் பார்த்து, ஒருவழியாகப் படமாகச் சுட்டுத் தள்ளினார். கெமராவோ முந்தின நாள் சம்மாந்துறைக் கல்யாண மண்டபத்து மின்விளக்கு வெளிச்சத்துக்கு நிறம் பொருத்தி வைத்தபடியே இருந்தது.

ஸ்டூடியோவில் திறந்து பார்த்தால் தாராக்கள் எல்லாம் சொட்டு நீலத்தில் ஊறவைத்தவை போல இருந்தன. ஜவுபர் கலங்கவில்லை. நீலத்தைக் குறைத்தார். சிவப்பைக் கூட்டினார். கொஞ்சம் மஞ்சள். இன்னும் கொஞ்சம். கடைசியில் சுஹறாவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

அவள் நெடுநேரம் பார்த்தாள். "தாராவுக்குத் தாராளமாத்தான் நிறம் போட்டிரிக்கீங்க."

"இதான் இயற்கை."

"பொரிச்சு எடுத்தாப்போல இரிக்கி."

"பரிசு கிடைக்கக்குள்ள கதை. நான் இதைத்தான் அனுப்பப் போறன்."

"அனுப்புங்க. அப்பிடியே என்ட படத்தையும் பெரிசா ஒண்டு அடிச்சுத் தாங்க."

அவளுடைய படத்தைத் திறந்தார். தாராக்கள் வெறும் தேத்தண்ணி நிறம். தண்ணீர் சாம்பல் நிறம். குஞ்சொன்று தாயின் முதுகில் ஏறப் பார்த்துக்கொண்டிருந்தது. ஜவுபரின் விரல் துடித்தது.

"கொஞ்சம் நிறம் ஏத்தட்டா?"

"சுவரில தொங்குற படத்துக்கு ஏன் மச்சான் உங்கட பொன்னான நேரம்? இரிக்கிறாப்போல அடிங்க."

அதுவும் சரியாகப் பட்டது. நல்ல கடதாசியில், ஒரு புள்ளி நிறமும் கூட்டாமல், கறை பட்டால் மாற்ற உதவும் என்று இரண்டாகவே அடித்துக் கொடுத்தார்.

பரிசளிப்பு அம்பாறையில். சுஹறாவும் கூட வந்திருந்தாள். மூன்றாம் பரிசுக்கு வேறொரு பெயர். ஜவுபர் கவலைப்படவில்லை. இரண்டாம் பரிசுக்கும் வேறொரு பெயர். ஜவுபர் சேர்ட்டுக் கொலரைச் சரிசெய்தார்.

"முதலாம் பரிசு, கல்முனை," என்றார் அறிவிப்பாளர். ஜவுபர் எழுந்து நின்றார். "சுஹறா ஜவுபர்."

பெயரில் பாதி தன்னுடையது என்பதால் ஜவுபர் பாதி உட்கார்ந்தார்.

திரையில் தேத்தண்ணி நிறத்தில் தாராக்கள் நீந்தின. நடுவர் ஒலிவாங்கியைப் பிடித்தார். "பல பேர் பறவைக்குச் சாயம் பூசி அனுப்பியிரிக்காங்க. ஒரு தாரா தீப்பிடிச்சு எரியுது. இந்தப் படத்தில மட்டுந்தான் பறவை தன்ட நிறத்தில இரிக்கி. இதை அடிச்சவரும் கை வைக்காம அடிச்சிரிக்கார். அது லேசான வேலையில்ல."

சபை கைதட்டியது. மேடையில் சுஹறா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, ஒரு ராசாத்தியைப் போல நின்றாள். ஜவுபருக்கு நெஞ்சு நிறைந்துபோனது. கை சிவக்கத் தட்டினார். எரிந்த தாரா யாருடையது என்று பக்கத்திலிருந்தவர் கேட்டபோது மட்டும் காது கேட்கவில்லை.

வெளியே வந்ததும் அவளைப் பிடித்துக்கொண்டார். "ஸகியாட சுவருக்கெண்டுதானே சொன்னாய்?"

"அவட சுவருக்குத்தான். ஒண்டையே ரெண்டா அடிச்சுத் தந்தீங்களே, கறை பட்டா மாத்துறத்துக்கெண்டு. மத்ததை இராசதுரை அண்ணன்ட மீன் லொறியில அம்பாறைக்குக் குடுத்தனுப்பினன்."

"போட்டிக்கெண்டு என்னட்ட ஒரு வார்த்தை சொல்லியிரிக்கலாமே. நான் உதவி செஞ்சிரிப்பனே."

"அதுக்குப் பயந்துதான் சொல்லல்ல."

ஜவுபர் பரிசுக் கடிதத்தை வாங்கிப் பார்த்தார். பரிசு இருவருக்கு: குமணப் பறவைச் சரணாலயத்தில் இரண்டு நாள் தங்கிப் பறவை பார்த்து வரலாம். குமணயில் கொக்கும் நாரையும் தாராவும் வில்லுக் குளம் நிறைய நிற்கும் என்று கேள்விப்பட்டிருந்தார். எந்த லென்சைக் கொண்டுபோவது, எத்தனை பற்றரி, எல்லாம் மனதுக்குள் அடுக்கி முடித்துவிட்டார்.

"எப்ப புறப்படுறம்?" என்றார் மெதுவாக.

சுஹறா அவரை இரக்கத்தோடு பார்த்தாள்.

"வெள்ளிக்கிழமை ஜும்மா முடிய. நீங்களும் கட்டாயம் வரணும், மச்சான். கெமராவ மட்டும் வீட்ட வெச்சிட்டு வாங்க."